நான் இல்லை, எனக்கு!

ஒரு சின்னப் பரிசோதனை. ‘ஐ லைக் தோசை’ என்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

‘எனக்கு தோசை பிடிக்கும்.’ சரி. அந்த ‘ஐ’ எங்கே போனார்? ‘நான் தோசையை விரும்புகிறேன்’ என்றும் சொல்லலாம்தான். ஆனால் டப்பிங் படத்து வில்லன் டிபன் சாப்பிட வந்த மாதிரி இருக்கும்.

இதையே ஸ்பானிஷ்காரர் ‘மே குஸ்தா லா தோசா’ என்பார். மே என்றால் எனக்கு. குஸ்தா என்றால் பிடிக்கிறது. அவ்வளவுதான் பாடம். நமக்கு அரை நிமிஷம்.

ஆனால் ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் சொல்லித்தரும் புத்தகம் எதையாவது பிரித்துப் பாருங்கள். இந்த ஒரு வரிக்குத் தனி அத்தியாயம், கட்டம் கட்டி எச்சரிக்கை. இது தலைகீழ் வினைச்சொல், ஜாக்கிரதை, ‘தோசை எனக்கு இன்பம் அளிக்கிறது’ என்று மனசுக்குள் சொல்லிப் பழகவும் என்றெல்லாம் உபதேசம். யாருக்குத் தலைகீழ்? ஆங்கிலேயருக்கு. நாம் என்ன செய்கிறோம்? நேராக நிற்கிற விஷயத்தை முதலில் ஆங்கிலத்தில் தலைகீழாக்கி, அப்புறம் ஸ்பானிஷில் நிமிர்த்தி வைக்கப் படாதபாடு படுகிறோம். மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளிக்குத் தாம்பரம் வழியாகப் போவது போல.

நான் பி.காம். படித்தவன். டெபிட் தி ரிசீவர், கிரெடிட் தி கிவர் என்று மனப்பாடம் செய்து பாஸ் செய்தவன். அந்தக் கணக்குப்படி பார்த்தால், ருசி விஷயத்தில் நாம் எதையும் ‘செய்வதில்லை’, பெறுகிறோம். தருவது தோசை. தமிழும் ஸ்பானிஷும் இந்தப் பேரேட்டைச் சரியாக எழுதுகின்றன. ஆங்கிலம்தான் எல்லாவற்றையும் ‘ஐ’ பெயரில் வரவு வைத்துக்கொள்கிறது.

அடுத்தது, சுவைப் பட்டியல். இந்தப் பாடங்களில் ‘ஹாட்’ என்ற இடத்தில் மாணவர்கள் வரிசையாக விழுவார்கள். ஆங்கிலத்தில் சூட்டுக்கும் ஹாட், காரத்துக்கும் ஹாட். ஸ்பானிஷில் சூடு என்றால் கலியென்தே, காரம் என்றால் பிகாந்தே. இதை விளக்க அரைப் பக்கம். சூடு வேறு, காரம் வேறு என்று நமக்கு யாராவது விளக்க வேண்டுமா? (ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வியர்க்கிறதே என்று ‘நான் கலியென்தே’ என்று சபையில் சொல்லிவிடாதீர்கள். அர்த்தம் விரசமாகிவிடும்.)

இன்னும் நுணுக்கமான ஓர் இடம் இருக்கிறது. ‘இருக்கிறது’ என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினைகள். எலுமிச்சை புளிப்பானது என்பதற்கு ‘எஸ்’ போட வேண்டும். அது அதன் பிறவிக் குணம். கையில் இருக்கிற இந்த ஆரஞ்சு புளிப்பாக இருக்கிறது என்பதற்கு ‘எஸ்தா’. அது இந்தப் பழத்தின் நிலவரம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘இஸ்’ என்பதால் அங்கே பெரிய குழப்பம்.

நம் வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? ‘எலுமிச்சை புளிக்கும்.’ ‘இந்த ஆரஞ்சு புளிக்குது.’ ‘பாகற்காய் கசக்கும்.’ ‘இந்த வெள்ளரிக்காய் கசக்குது.’ அந்தக் ‘கும்’ குணத்துக்கு, ‘குது’ இன்றைய நிலவரத்துக்கு. மூன்று வயதுக் குழந்தைகூடத் தப்பாமல் சொல்லும். எஸ், எஸ்தா விவகாரம் மொத்தமும் இதில் அடங்கிவிடாது. ஆனால் சாப்பாட்டு மேஜையில் தடுக்கி விழாமல் இருக்க இது போதும்.

இந்தப் பாடங்கள் மேல் எனக்குள்ள இன்னொரு கோபம், சொற்கள் பற்றியது. இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு என்று நாலு அட்டை. கூடவே ஒரு ‘டெலிஷியஸ்’. முடிந்தது. நல்ல சொற்கள் எல்லாம் வெளியே நிற்கின்றன.

சோஸோ என்று ஒரு சொல். உப்புக் குறைந்த பண்டத்தைச் சொல்வது. சுரத்தில்லாத ஆளையும் சொல்லலாம். நாம் ‘உப்புச் சப்பில்லாத ஆள்’ என்கிறோமே, அதேதான். உப்பு உள்ளது சலாதோ. ஸ்பெயினில் ஒருவரை அப்படிச் சொன்னால் கலகலப்பானவர் என்று பாராட்டு. மெக்சிகோ, பெரு பக்கம் போய்ச் சொன்னால் அதிர்ஷ்டம் கெட்டவர். ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. உப்புக்கு எல்லா இடத்திலும் ஒரே விலை இல்லை.

எம்பலகோஸோ இன்னொன்று. இதற்கு ஆங்கிலத்தில் அகராதியைப் புரட்ட வேண்டும். நமக்கு ‘திகட்டுது’ என்ற ஒரே சொல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தோஹோ. திடீரென்று ஒன்றைத் தின்ன வேண்டும் என்று வருகிற ஆசை. கர்ப்பிணிப் பெண்ணின் மசக்கை ஆசைக்கும் இதுதான் பெயர். அந்த ஆசையை நிறைவேற்றாவிட்டால் குழந்தை உடம்பில் மச்சம் விழும் என்று பழைய நம்பிக்கை. அதனால் அந்த மச்சத்துக்கும் அந்தோஹோ என்றே பெயர். மெக்சிகோவில் தெருவோரத்து நொறுக்குத்தீனிகள் ‘அந்தோஹீத்தோஸ்’. சின்னச் சின்ன ஆசைகள்! ‘சே மே அந்தோஹா’ என்பதைப் புத்தகங்கள் சுற்றி வளைத்து மொழிபெயர்க்கும். நாம் சொல்வது, ‘நாக்கு கேட்குது’.

மிளகாய்க் கதையும் அப்படித்தான். மிளகைத் தேடிப் போன கொலம்பஸ் கண்டது மிளகாயை. உள்ளூர்க்காரர்கள் அஹி என்று சொன்ன அதை, மிளகைவிட உசத்தி என்று 1493 ஜனவரியில் நாட்குறிப்பில் எழுதினார். ஸ்பானிஷில் மிளகு பிமியென்தா. அதை ஒட்டிப் புதிய காய்க்கு பிமியென்தோ என்று பெயர் வைத்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் அதை இங்கே கொண்டுவந்தபோது, மிளகு தெரிந்த நாமும் மிளகாய் என்றோம். இரண்டு ஜனங்கள், ஒரே யோசனை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்தப் பாடங்கள் பாராட்ட மட்டும் சொல்லித்தருகின்றன. மறுக்கச் சொல்லித்தருவதில்லை. பிறத்தியார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவனுக்கு முதலில் தேவைப்படுவது மறுக்கிற வார்த்தைதான். ‘மே சியென்தா மால்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. எனக்கு ஒத்துக்காது. யார் மனசும் புண்படாது. மனிதர்களைச் சமையலோடு சேர்த்துக் காப்பாற்றுகிற தொடர். இதை முதல் வாரமே கற்றுத்தர வேண்டாமா?

சைவக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். ஸ்பெயினில் ‘கார்னே’ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. சாலட்டில் சூரை மீன் வரலாம். பீன்ஸில் பன்றித்தொடைத் துணுக்குகள் மிதக்கலாம். அவர்கள் ஏமாற்றுவதில்லை, ‘கார்னே’ என்றதும் பலருக்கு மனசில் வருவது தட்டில் தனியாக வைக்கிற இறைச்சித் துண்டு. மீன் கூடாது, ஹாமோன் கூடாது, இறைச்சி வேகவைத்த தண்ணீரும் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தெரிய வேண்டும். ‘ஐ ஆம் வெஜிடேரியன்’ என்பதன் மொழிபெயர்ப்பு மட்டும் கையில் இருந்தால், விரதம் ஒன்றே வழி.

நியாயமாகவும் பேச வேண்டும். அந்தப் புத்தகங்கள் ஆங்கிலேயருக்காக எழுதப்பட்டவை. அவர்கள் தடுமாறும் இடத்தில்தான் அவை கை கொடுக்கும். தமிழை அப்படியே நம்பினாலும் வம்புதான். நாம் ஒரு தோசைக்கும் பத்து தோசைக்கும் ‘பிடிக்கும்’ என்போம். ஸ்பானிஷில் பத்து தோசை என்றால் குஸ்தா, குஸ்தான் ஆகிவிடும். ‘எனக்குப் பசிக்குது’ என்பதும் அங்கே செல்லாது. ‘தெங்கோ ஆம்ப்ரே’, அதாவது நான் பசி வைத்திருக்கிறேன் என்கிறார்கள். பசியை ஏதோ பையில் போட்டு வைத்திருப்பது போல!

ஆக, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே காலை வாருகிறது என்று இரண்டையும் தமிழிலிருந்தே காட்டுகிற ஒரு புத்தகம் வேண்டும். ஒரு மொழிக்குப் போக இன்னொரு மொழி வாசல் தேவைதான். அது ஆங்கில வாசலாகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எழுதப்போகிற புண்ணியவானுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பாடத்தை ‘நான்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘எனக்கு’ என்று ஆரம்பியுங்கள்.

அதுவரைக்கும் வீட்டுப்பாடம். இன்று ராத்திரி சாம்பாரில் உப்புக் குறைந்தால், ‘எஸ்தா சோஸோ’ என்று புன்னகையோடு சொல்லிப் பாருங்கள். ‘எஸ்’ போட்டுவிடாதீர்கள், இந்த வீட்டுச் சாம்பாரே அப்படித்தான் என்று ஆகிவிடும். சமைத்தவருக்கு ஸ்பானிஷ் தெரியாதவரை ஆபத்தில்லை.