எம்டன் காசு

போர்க்கப்பல்களுக்காக வெளியிடும் நினைவு நாணயங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஒரு பக்கம் அரசர் தலை, மறுபக்கம் அலைமேல் பவிசாக ஒரு கப்பல், கீழே ஆண்டு. அந்தக் கப்பல் யாரைச் சுட்டது, எத்தனை பேர் செத்தார்கள் என்பதைப் பற்றிக் காசு மூச்சு விடாது. எனக்குத் தெரிந்து ஒன்று மட்டும் வேறு மாதிரி. ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘சிட்னி’யின் வெற்றிக்காக 1918இல் செய்த பதக்கம். அதற்காகப் புதிதாகக் காசு எதையும் அச்சடிக்கவில்லை. தோற்ற கப்பலில் கிடந்த காசையே எடுத்துக்கொண்டார்கள்.

1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஜெர்மன் கப்பல் ‘எம்டனை’ சிட்னி அடித்து நொறுக்கியது. கேப்டன் ஃபான் முல்லர், கப்பல் மூழ்கிவிடாமலிருக்க அதை வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார். எம்டனில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள், சிட்னியில் 4 பேர். சிதைந்த கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கில் மெக்சிகோ வெள்ளிக்காசுகள் கிடைத்தன. ஜெர்மன் கப்பலுக்கு மெக்சிகோ காசு எதுக்கு? எம்டனின் தளம் சீனாவின் சிங்தாவ். சீனக் கடற்கரையில் தயங்காமல் வாங்கிக்கொண்ட பணம் மெக்சிகோ வெள்ளிதான். அதில் 1000 காசுகளைச் சிட்னி நகரத்து நகை வணிகர் டபிள்யூ. கெர் பதக்கமாக்கினார். சிட்னியின் மாலுமிகளுக்குப் போக, பொதுமக்களுக்கும் விற்றார்கள்.

காசின் ஒரு பக்கம் பாம்பைக் கவ்விய கழுகு. மறுபக்கம் கதிர்கள் சூழ ஒரு குல்லா, அதில் ‘விடுதலை’ என்று ஸ்பானியச் சொல். அரசர்களை வேண்டாமென்ற ஒரு குடியரசின் காசு அது. அதன் உச்சியில் கொண்டுபோய் பிரிட்டிஷ் கிரீடத்தைப் பொருத்தியிருக்கிறார்கள்! ஒட்டிய பட்டைகளில் தேதியும் இரண்டு கப்பல்களின் பெயர்களும். வடிவமைப்பு என்று பார்த்தால் ஒட்டுவேலைதான், அழகில்லை. ஆனால் மழுப்பாத வேலை. ஜெயித்தவன் பெயருக்குப் பக்கத்திலேயே தோற்றவன் பெயர். வெள்ளியோ கொள்ளைப் பொருள், அதை யாரும் மறைக்கவில்லை. ஒரு நாணயச்சாலை உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்த உண்மையை வழித்துத் துடைத்திருக்கும்.

இந்தப் பதக்கத்தில் இல்லாத தேதி ஒன்று நமக்குத் தெரியும். 1914 செப்டம்பர் 22. அன்றிரவு எம்டன் மதராஸ் மீது நூற்றுக்கும் மேல் குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலில் மாலுமிகள் செத்தார்கள். நாம் அதற்குக் காசு அடிக்கவில்லை, ஒரு சொல்லை அடித்துக்கொண்டோம். ‘அவன் பெரிய எம்டன்டா’ என்கிறோம், பாதி பயம், பாதி மெச்சல். வெள்ளைக்காரனையே மிரட்டியவன் என்ற ரகசிய சந்தோஷம் அதில் இருக்கிறது, எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் செத்தவர்கள் விஷயத்தில் இந்தச் சொல் அந்தப் பதக்கத்தைவிட யோக்கியம் ஒன்றுமில்லை. பதக்கத்திலாவது அடிபட்டவன் பெயர் இருக்கிறது. நம்முடைய சொல்லில் அடித்தவன் பெயர் மட்டும்தான்.

2006இல் ‘எம்டன் மகன்’ என்று பெயர் வைத்த படத்தை, தமிழ்த் தலைப்புக்கான வரிவிலக்குக்காக ‘எம் மகன்’ என்று மாற்றினார்கள். ஏறத்தாழ நூறு வருஷம் நம் வாயில் புழங்கியும் சொல் தமிழாகவில்லையாம். குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கிறது. அந்தச் சுவரைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேர் நின்று படிக்கிறார்கள்?