சாத்தானின் நீதிமன்றம்

பெயரைக் கண்டே ஒரு படைப்பை ஒதுக்கிவிடும் வழக்கம் பழைமைவாதிகளுக்கு மட்டும் உரியதன்று. முற்போக்காளரிடையேயும் அஃது உண்டு. 1983ஆம் ஆண்டு வெளிவந்த ‘கோட் இன் தி அக்ற்’ என்னும் ஹெவி மெற்றல் இசைத்தட்டு இதற்குத் தக்க சான்றாகும். அதனை ஆக்கிய ஐவரின் குழு ‘சேற்றன்’, அதாவது சாத்தான், என்னும் பெயரைத் தாங்கியிருந்தது. மதப்பற்றாளர் முகஞ்சுளிக்கவும் இடதுசாரி விமர்சகர் பாராமுகமாயிருக்கவும் வேறென்ன வேண்டும்?

ஆயினும் இசைத்தட்டினுள் நாம் காண்பது நரகத்தையன்று, நீதிமன்றத்தையே. கையும் மெய்யுமாகப் பிடிபடுதலைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடரில் ஒரு சொல்லை மாற்றி, நீதிமன்றத்தைப் புகுத்திய சிலேடையே அதன் தலைப்பு. முறிந்த உடன்படிக்கைகள், தீயினாற் செய்யப்படும் விசாரணை, குற்றவாளிக் கூண்டில் தனித்து நிற்றல் எனப் பாடற் பெயர்களும் அவ்வழியே செல்கின்றன.

இக்குழு வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசிலில் 1979இல் தோன்றியது. நிலக்கரியாலும் கப்பல் கட்டுந் தொழிலாலும் வாழ்ந்த பிரதேசம் அது. இசைத்தட்டை வெளியிட்ட ‘நீற்’ நிறுவனமும் அருகிலுள்ள வோல்சென்ட் என்னும் கப்பற்றுறை ஊரில் இயங்கியதே. 1982இல் பிரித்தானியாவின் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைக் கடந்தது. 1984 மார்ச்சில் சுரங்கத் தொழிலாளரின் ஓராண்டு வேலைநிறுத்தம் தொடங்கியது. பாடல்கள் இவற்றை நேரே பாடுவன அல்ல. பாடின என வலிந்து பொருள் கூறுவது விமர்சனமுமாகாது. ஆனால், சட்டத்தைத் தமக்கு அரணாகக் கொள்ளாது, தமக்கு மேலே நிற்கும் அச்சமாகக் கண்ட இளைஞரின் மனநிலை அவற்றில் உறைந்து கிடக்கிறது என்பதை மறுத்தல் அரிது.

இனி உருவத்துக்கு வருவோம். இதன் உயிர், ஸ்ரீவ் றாம்சே, றஸ் ரிப்பின்ஸ் ஆகிய இருவரின் கிற்றார்களிலேயே உள்ளது. ஒருவர் முன்னிற்க மற்றவர் பின்தாங்கும் முறை இங்கு அருகியே காணப்படும். இரண்டு இராகக்கோடுகள் ஒன்றையொன்று துரத்தி, பின்னிப் பிரிந்து, எதிர்பாராத இடத்தில் ஒன்றாய் எழுகின்றன. வேகம் மிகுந்தும் தெளிவு குன்றவில்லை. குறைகளும் உள. ஒலிப்பதிவில் எதிரொலி மிகையாயுள்ளது. வாள் வீரம் பேசும் பாடல் வெறும் சிறுபிள்ளைத்தனமே.

பாடகர் பிறையன் றொஸ்ஸின் வேறொரு குழுவான ‘பிளிற்ஸ்கிறீக்’கின் பாடலொன்றை 1984இல் மெற்றாலிக்கா மீளப் பாடியமையால் அது உலகெங்கும் பரவியது. அவருடைய இவ்விசைத்தட்டோ ஆர்வலர் சிலரிடையே முடங்கியது. சந்தையின் தெரிவு இத்தகையதே! ஆயின் இடதுசாரிகளின் தெரிவு எத்தகையது? 1976இல் எழுந்த ‘இனவாதத்துக்கு எதிரான றொக்’ இயக்கம் பங்க், ரெகே இசைகளைக் கைக்கொண்டு அரும்பணி ஆற்றியது. தொழிற்சாலை நகரங்களின் இளைஞர் பெருந்தொகையாய் விரும்பிய மெற்றல் இசையோ அவ்வரவணைப்புக்குப் புறத்தேயே நின்றது.

றாம்சேயும் பேஸ் கிற்றார் இசைத்த கிரேம் இங்கிலிஷும் 1990இல் ‘ஸ்கைகிளாட்’ குழுவிற் சேர்ந்து, நாட்டாரிசையையும் சமூகக் கண்டனத்தையும் மெற்றலோடு இணைத்தனர். 2011இல் பழைய ஐவரும் மீண்டும் கூடினர்; 2013இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு ‘ஆயுட்டண்டனை’ எனப் பொருள்படும் பெயரையே இட்டனர். முப்பது ஆண்டுகள் கடந்தும் அவர்கள் அந்த நீதிமன்றத்தை விட்டு வெளியேறவில்லை.