பாணி யாருக்குச் சொந்தம்? பச்சைக்குத்து குறித்துச் சில குறிப்புகள்

காரைக்குடியில் பச்சை குத்தும் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் (பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்) சென்ற மாதம் என்னிடம் ஓர் உதவி கேட்டார். "அண்ணே, நீங்க எழுதுறவுக. நம்ம பாணியப் பத்தி ரெண்டு பத்தி எழுதிக் குடுங்க. ஆல்பத்துல மொதப் பக்கத்துல போடணும்."

'நம்ம பாணி' என்று அவர் சொல்வது இது: ஆத்தங்குடிக் கல்லின் பூக்கள், கண்டாங்கிச் சேலையின் கட்டம், பெரிய வீட்டு நிலைக்கதவின் கொடிவேலை. எல்லாம் கறுப்பில் மட்டும். சென்னைக் கடை ஒன்றில் இரண்டு வருஷம் எடுபிடியாக இருந்து, முதலில் செயற்கைத் தோலிலும் பிறகு தன் தொடையிலும் பிறகு சித்தப்பா மகன் முதுகிலும் குத்திப் பழகி, ஊர் திரும்பிக் கடை போட்டவர். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது அம்மா பெயர், காதலி பெயர், வேல், சிங்கம். அதைக் குத்தித்தான் வாடகை போகிறது. 'இதுதான் என் வேலை, மற்றதற்கு வேறு கடை பாருங்கள்' என்று சொல்லும் நாள் வந்தால்தான் இந்தத் தொழிலில் ஒருவர் ஆள். ஆகவே பாணி என்பது அழகியல் விவகாரம் மட்டுமல்ல, வந்த வேலையை மறுக்கும் வசதியும்கூட. பெரிய வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் அந்த வசதியைத் தருவார்கள் என்று தம்பி நம்புகிறார். நம்பிக்கையில் தவறில்லை.

எழுத உட்கார்ந்தேன். 'செட்டிநாட்டின் தொன்மையான மரபில்...' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டேன். எந்த மரபு? இந்த மண்ணில் தோலில் எழுதிய மரபு ஒன்று இருந்தது. அது தம்பியின் ஆல்பத்தில் ஒரு பக்கத்திலும் இல்லை.

என் அப்பத்தாவின் இடது முன்கையில் ஒரு கோலம் இருந்தது. நான்கு மூலைகளில் சுழி, நடுவில் புள்ளிகள், புள்ளிகளைச் சுற்றி உள்ளே போய் வெளியே வரத் தெரியாமல் திரும்பும் கோடு. மணிக்கட்டுக்குக் கீழே தேள் ஒன்று. சடங்கான வருஷம் குறத்தி வந்து குத்தியது என்பாள். வலிக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்தினாளாம். கூலி நெல்லாகக் கொடுத்தார்கள்.

1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்தத் தொழிலைப் பதிவு செய்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் துணியில் சுற்றித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து, சேர்த்துக் கட்டிய தையல் ஊசிகளால் குத்துவது. கூலி கால் அணாவிலிருந்து பன்னிரண்டு அணா வரை, கோலத்தின் சிக்கலைப் பொறுத்து. கவனியுங்கள், விலைப்பட்டியல் இருந்திருக்கிறது. எளிய புள்ளிக்கு ஒரு விலை, சிக்கலான கோலத்துக்கு வேறு விலை. அதாவது கைத்திறனுக்குத் தரம் பிரிக்கும் சந்தை ஒன்று இருந்தது. இன்று தம்பி சதுர அங்குலக் கணக்கில் போடும் விலைக்கும் இதற்கும் தர்க்கத்தில் வித்தியாசம் இல்லை.

1937இல் ஜான் லேயார்ட் என்ற மானுடவியலாளர் தென்னிந்திய வாசல் கோலங்களையும் பச்சைக்குத்து வடிவங்களையும் சேர்த்து வைத்து, 'புதிர்வழிச் சடங்கு' என்று லண்டனின் நாட்டார் வழக்காற்று இதழில் கட்டுரை எழுதினார். ஆக வடிவத்தைச் சேகரித்தவர் பெயர் உண்டு, விளக்கம் சொன்னவர் பெயர் உண்டு. குத்தியவள் மட்டும் 'குறத்தி'. அது சாதிப் பெயர்.

ஏன் அவளுக்குப் பெயர் இல்லை? 'நாட்டார் கலைக்கு ஆசிரியர் கிடையாது' என்று பொதுப்புத்தி உடனே பதில் சொல்லும். இந்தப் பதிலை நான் நம்பவில்லை. பச்சை குத்துவது அலைந்து செய்யும் தொழில். ஒரு ஊரில் எத்தனை கைகள் இருக்கும்? முடித்ததும் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். 1871இல் வந்த குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்தையும் பிடித்தது. கொறவர் என்று எழுதி, பிரிவு பிரிவாகப் பட்டியலில் சேர்த்தார்கள். பதிவு, கைரேகை, ஊரைவிட்டுப் போனால் தகவல், சில இடங்களில் குடியிருப்புகளுக்குள் அடைப்பு. கால் கட்டப்பட்டால் இந்தத் தொழில் செத்துப்போகும். பிறர் கையில் மை ஏற்றியவளின் விரலில் அரசாங்கம் மை தடவி உருட்டிக்கொண்டது. நாடு முழுவதும் அந்தச் சட்டம் ரத்தானது 1952இல். அதற்குள் இரண்டு தலைமுறை போய்விட்டது. பிறகும் காவல் நிலையத்தின் நினைவிலிருந்து அது ரத்தாகவில்லை என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதே காலத்தில்தான், 1908 என்று வழக்கமாகக் குறிக்கப்படும் கட்டுரையில், வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லோஸ், பச்சை குத்திக்கொண்ட நவீன மனிதன் ஒன்று குற்றவாளி, இல்லை சீரழிந்தவன் என்று அறிவித்தார். அலங்காரமே குற்றம் என்பது அவர் கட்சி. நவீனத்துவத்தின் புனிதப் பிரதிகளில் அதுவும் ஒன்று. வியன்னாவில் அது அழகியல் கோட்பாடு. சென்னையில் குத்துகிறவளையே குற்றவாளியாக்கும் சட்டம். கோட்பாடு அங்கே தர்க்கம் செய்துகொண்டிருந்தபோது இங்கே ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு நகைமுரண் உண்டு. கம்பெனி அரசு தானே பச்சை குத்தியிருக்கிறது. வங்காளத்தில் 1797ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஆயுள் கைதிகளின் நெற்றியில் பெயர், குற்றம், தண்டனை நாள் ஆகியவற்றைக் குத்தும் வழக்கம் வந்தது. 1849இல்தான் அது நின்றது. வரலாற்றாசிரியர் கிளேர் ஆண்டர்சன் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நம் காலத்திலும் அதிகாரம் தோலை விட்டுவிடவில்லை. 1970களில் எம்.ஜி.ஆர். கட்சிக்கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னபோது கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் குரல் எழுந்தது. 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்தநாளையொட்டிச் சென்னையில் கூட்டமாக உட்கார்ந்து அவர் முகத்தைக் குத்திக்கொண்டார்கள். வலியில் முகம் சுளித்த பெண்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அந்த முகங்களை யாரும் 'பாணி' என்று பேசவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், நம் எழுத்தாளர்களே தொடர்ந்து செய்யும் தவறு. குறவரும் நரிக்குறவரும் ஒன்றல்ல. மொழி வேறு, தொழில் வேறு, வந்த வழி வேறு. பாசிமணி விற்பவரைப் பார்த்துவிட்டுப் 'பச்சை குத்தும் குறத்தி' என்று கவிதை எழுதுகிறார்கள். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோதும் இந்தக் குழப்பம் பல மேடைகளில் கேட்டது. மேடையில் ஆடும் 'குறவன் குறத்தி' இன்னொரு அவமானம், அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

சரி, நான் யோக்கியனா? முப்பது வருஷத்துக்கு முன்னால் நண்பர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சிற்றிதழின் அட்டைக்கு என் அப்பத்தாவின் கையைப் படம் எடுத்துப் போட்டேன். கறுப்பு வெள்ளையில் நன்றாக வந்தது. உள்ளே குறிப்பு: 'அட்டை: நாட்டார் கோலம்.' கையின் சொந்தக்காரி பெயரும் இல்லை, குத்தியவள் பற்றி ஒரு வரியும் இல்லை. படம் எடுத்தவன் பெயர் மட்டும் இருந்தது. அந்த இதழில் 'விளிம்புநிலை' பற்றி மூன்று கட்டுரைகள் வேறு.

தம்பியின் பாணிக்கு வருவோம். பெரிய வீடுகளின் கதையில் பர்மா உண்டு. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று வழிகாட்டிகள் ஒப்பிப்பார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பெற்றன. ஆனால் பர்மாவிலிருந்து தோலிலும் சரக்கு வந்தது. அங்கே கூலி வேலைக்குப் போய்த் திரும்பியவர்களின் கைகளில் பர்மியக் குத்துக்காரர்கள் குத்திய உருவங்கள் இருந்ததைத் தர்ஸ்டனே எழுதுகிறார். 1930இல் சாயா சான் தலைமையில் கீழ்பர்மா விவசாயிகள் கிளர்ந்தபோது, குண்டு துளைக்காது என்று நம்பிக் கருடனைப் பச்சை குத்திக்கொண்டு போனார்கள். அவர்கள் எதிர்த்தது வெள்ளை அரசின் வரியை. கூடவே வட்டிக் கடையையும். உலக நெல் விலை விழுந்த அந்த வருஷங்களில், கீழ்பர்மாவின் நெல் நிலத்தில் செட்டியார் கடைகளிடம் இருந்த பங்கு 1930இல் சுமார் 6 சதவீதம், 1938 வாக்கில் சுமார் 25 சதவீதம். சாயா சான் 1931 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். நிலைக்கதவின் தேக்குக் கொடியை ஒருவர் தோளில் ஏற்றிக்கொள்ளும்போது இந்தக் கருடனும் எங்கோ ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. செட்டிநாட்டுப் பாணி என்று எழுதச் சொன்னால் இதையும்தானே எழுத வேண்டும்?

'எல்லாம் எல்லாரிடமிருந்தும் எடுத்ததுதானே' என்று ஒரு வாதம் வரும். ஓரளவு சரி. ஆத்தங்குடிக் கல்லின் பூவே ஐரோப்பியத் தரைக்கல்லைப் பார்த்துப் பழகியது. கண்ணாடி மேல் சாயம் ஊற்றி உள்ளூர் மணலும் சிமெண்டும் சேர்த்துச் செய்த கைதான் அதை ஆத்தங்குடி ஆக்கியது. எடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. எடுத்த பிறகு யார் உரிமையாளர் ஆகிறார் என்பதில்தான். மைக் டைசனின் முகத்தில் 2003இல் பச்சை குத்திய விக்டர் விட்மில், அதே வடிவத்தை ஒரு ஹாலிவுட் படம் பயன்படுத்தியபோது 2011இல் பதிப்புரிமை வழக்குப் போட்டார், சமரசத்தில் முடிந்தது. அந்த வடிவம் எங்களுடையதல்லவா என்று மாவோரி அறிஞர் ஙாஹுவியா தே அவெகோடுகு கேட்டார். அவருக்கு நீதிமன்றத்தில் இடமில்லை. தனியாள் போட்ட கோட்டுக்குச் சட்டம் உண்டு, கூட்டாகக் காத்த கோட்டுக்கு இல்லை.

வேறு வழிகளும் இருக்கின்றன. மணிப்பூரைச் சேர்ந்த மோ நாகா தன் வேலையை நாகா ஊர்களின் முதியவர்களிடமிருந்து தொடங்கினார். இந்த வடிவம் எந்த மக்களுடையது, யார் போடலாம் என்ற கேள்வி அவர் தொழிலின் உள்ளேயே இருக்கிறது. மிதிலையில் இன்னும் சுவாரசியமான காரியம் நடந்தது. மதுபனி ஓவியம் என்று புகழ்பெற்றது பெரும்பாலும் பிராமண, காயஸ்தப் பெண்களின் பாணி. 1970களில் ஜிதுவார்பூரின் துசாத் சமூகப் பெண்கள், சானோ தேவி முதலானவர்கள், தங்கள் கைகளில் இருந்த கோத்னா பச்சை வடிவங்களைக் காகிதத்துக்கு மாற்றினார்கள். ஜெர்மானிய மானுடவியலாளர் எரிகா மோசரின் தூண்டுதல் அதில் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் காகிதத்தின் கீழே அந்தப் பெண்களின் பெயர் வந்தது. தலித் பெண்கள் தோலிலிருந்து பெயரைச் சம்பாதித்தார்கள். நம்மிடம் அது நடக்கவில்லை.

தம்பியின் வேலையைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது விமர்சனம் ஆகாது. கோடு சுத்தம். கை நடுங்குவதில்லை. ஆனால் தரைக்கல் சதுரம், தட்டை. கை உருளை. முழங்கை மடிப்பில் அவர் பூ உடைகிறது. இழைகளுக்கு இடையில் இடைவெளி குறைவு. தோலில் ஏறிய சாயம் சும்மா இருப்பதில்லை. அதை விழுங்கி வைத்திருக்கும் அணு செத்தால் வெளியேறும் சாயத்தை அடுத்த அணு விழுங்கிக்கொள்கிறது என்று 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். வருஷம் போகப் போகக் கோடு தடிக்கும். அப்பத்தாவின் கோலத்தில் புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருந்தது. எண்பது வயதிலும் வழி அடைபடவில்லை. குத்தியவளுக்கு அறுபது வருஷம் கழித்து அந்தக் கை எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். கடைசியில் நான் எழுதிக் கொடுத்த பத்தியில் 'குறவர் பெண்கள்' என்ற சொல் இருந்தது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அண்ணே, தப்பா நெனைக்காதீய. இதப் போட்டா பெரிய வீட்டுக்காரவுக வருவாகளா?"

"வரலைன்னா?"

"வாடகை யாரு குடுப்பா? சரி, அவுகளுக்கு நான் பங்கு குடுக்கணும்னே வச்சுக்குவம். யாருக்கிட்டக் குடுக்குறது? ஆளக் காட்டுங்க."

என்னால் காட்ட முடியவில்லை. போன ஞாயிறு அவருடைய வண்டியில் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனோம். ஒன்பது கிழவிகளின் கைகளைப் பார்த்தோம். தம்பி ஒவ்வொன்றையும் மெழுகுத்தாளில் படி எடுத்தார். இரண்டு கோலங்களை அவரால் முதல் தடவையில் பிடிக்க முடியவில்லை, கோடு எங்கே திரும்புகிறதென்று தெரியாமல் அழித்து அழித்துப் போட்டார். ஒவ்வொருவரிடமும் குத்தியவள் பெயரைக் கேட்டேன். ஒருத்தி மட்டும் யோசித்துப் பார்த்தாள்.

"வருசா வருசம் வருவா. பேரு யாரு கேட்டா? எங்க ஆத்தா படி நெல்லு எத்தனைன்னுதான் கேட்டா. அப்புறம் ஒரு வருசம் வரல."

ஆல்பத்தின் முதல் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. படிகளைத் தம்பி கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.