பூங்கா மணமும் புறத்தே நின்றோரும்

மணவிழா என்பது ஒரு குடும்பத்தின் தனிக் காரியம் என்று எண்ணுவோர் பலர். எத்தனை பேரை அழைப்பது, எவ்விடத்திற் கூடுவது என்பனவெல்லாம் மணமக்களின் விருப்பத்தைப் பொறுத்தவை. அவற்றிலே பிறர் கருத்துச் சொல்லப் புகுவது நாகரிகமன்று என்பது அவர்கள் வாதம். நாம் இதனை முற்றாக ஒப்புக்கொள்வதற்கில்லை. ஒரு சமுதாயம் தன்னுடைய உறவுமுறைகளையும் சொத்துமுறையையும் தராதரங்களையும் பலரறிய எடுத்துக்காட்டும் இடம் மணப்பந்தலே. முன்வரிசையில் அமர்பவர் யார், அடுப்படியில் நிற்பவர் யார், அழைக்கப்படாதவர் யார் என்பவற்றைக் கொண்டே ஓர் ஊரின் வரலாற்றை எழுதிவிடலாம். ஆகவே மணவிழாவும் விமர்சனத்துக்குரிய பொருளே.

அண்மைக் காலத்திலே நம் நாட்டுப் படித்த இளைஞரிடையே ஒரு புதிய விருப்பம் தலைகாட்டியுள்ளது. மண்டபம் வேண்டாம், மேளக்கச்சேரி வேண்டாம், ஆயிரம் பேருக்குச் சோறு வேண்டாம். மிக நெருங்கியவர்கள் இருபது முப்பது பேர் மட்டும் ஒரு பழம்பெரும் பூங்காவின் மரநிழலிற் கூடி மணவிழாவை நிறைவேற்றிக் கொள்வோம் என்பதே அது. பேராதனைத் தாவரவியற் பூங்காவை அறிந்தோர் இவ்விருப்பத்தைக் கேட்டு வியப்படையார். மணக்கோலத்திலே படம் பிடித்துக்கொள்ள வரும் சோடிகளை அங்கே அடிக்கடி காணலாம். மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்தோட, 147 ஏக்கர் நிலத்திலே நெடும்பனை வரிசைகளும் மூங்கிற் புதர்களும் யாவா அத்தியின் விரிந்த குடையும் நிற்கும் அவ்விடத்தின் அழகை மறுப்பவர் யார்?

சென்ற ஆண்டு எமக்கும் அத்தகைய அழைப்பு ஒன்று வந்தது. மணமக்கள் இருவரும் ஆசிரியர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே ஒன்றாகப் படித்தவர்கள். மணமகன் யாழ்ப்பாணத்தவர். மணமகள் கம்பளைக்கு அப்பாலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலே பிறந்தவர். அவருடைய குடும்பத்திற் பல்கலைக்கழகத்துட் புகுந்த முதலாமவர். விவாகப் பதிவை முதல்நாளே முடித்துவிட்டு, மறுநாட் காலை பூங்காவில் மாலை மாற்றிக்கொள்வதாகத் திட்டம். "மிக நெருங்கியவர்கள் முப்பது பேர் மட்டும்" என்று அழைப்பிதழ் கூறிற்று. சீதனமில்லை, ஆடம்பரமில்லை, ஊர்ப்பெருமை பேசுவாரில்லை. முற்போக்காளர் எவரும் மகிழத்தக்க செய்தியே. நாமும் மகிழ்ந்தோம். அம் மகிழ்ச்சியில் ஒரு கேள்வியைக் கேட்கத் தவறினோம் என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

முதலில் இவ்விருப்பத்திலுள்ள நியாயத்தைச் சொல்லிவிடவேண்டும். யாழ்ப்பாணச் சமுதாயத்திலே சீதனம் என்பது வெறும் வழக்கமன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டிலே தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்திலேயே இடம்பெற்ற சொத்துமுறை. இன்று அதனோடு மண்டபச் செலவும், விருந்துச் செலவும், படப்பிடிப்புச் செலவும் சேர்ந்துகொண்டன. காணியை ஈடு வைத்தும் நகையை அடைவு வைத்தும் ஒரு பகற்பொழுதை நடத்திவிட்டு, பத்தாண்டுகள் வட்டி கட்டும் ஆசிரியர்களை இவ்வேட்டின் வாசகர்கள் நன்கறிவார்கள்; சிலர் கண்ணாடியிலேயே காண்பார்கள். இக்கடன்சுமையை உதறி எழுபவர்களை, "மேனாட்டு மோகம்" என்று பழிப்பது பிற்போக்காளரின் வழக்கமான பேச்சு.

அவர்களுக்கு நமது இலக்கியமே மறுமொழி கூறும். அகநானூற்றின் 86ஆம் பாடலிலே நல்லாவூர் கிழார் காட்டும் மணத்தைப் பாருங்கள். பந்தலின்கீழ்ப் புதுமணல் பரப்பப்படுகிறது, விளக்கேற்றப்படுகிறது, உழுந்து கலந்த பொங்கல் பரிமாறப்படுகிறது, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். புரோகிதருமில்லை, எரிவலமுமில்லை. விற்றூற்று மூதெயினனார் பாடிய 136ஆம் பாடலிலும் இவ்விரண்டும் இல்லை. பின்னெழுந்த சிலப்பதிகாரத்திலோ, பெருவணிகர் வீட்டு மணத்தை யானைமீதேறிய மகளிர் நகரெங்கும் அறிவிக்கின்றனர். பார்ப்பான் மறைவழி காட்ட, மணமக்கள் தீவலம் வருகின்றனர். செல்வம் குவிந்த இடத்திலே சடங்கும் குவிகின்றது. ஆகவே எளிய மணம் இறக்குமதிச் சரக்கு அன்று.

ஆனால் நல்லாவூர் கிழாரின் பாடலை மீண்டும் ஒருமுறை படிப்போர் வேறொன்றையும் காண்பர். அங்கே செலவு சிறிது, கூட்டம் சிறிதன்று. பொங்கல் வருவோர்க்கெல்லாம் வழங்கப்படுகிறது. ஊர்ப் பெண்டிர் குடம் சுமந்தும் மண்டை ஏந்தியும் ஆரவாரத்தோடு வருகின்றனர். மணத்தை நடத்திவைப்பவர்களே அவர்கள்தாம். எளிமை வேறு, சுருக்கம் வேறு என்பதை இப்பாடல் தெளிவாக உணர்த்துகிறது. இன்றைய "நெருங்கியோர் மணம்" இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு குழம்புகிறது. செலவைக் குறைக்க எழுதப்படும் பட்டியல், மெல்ல மெல்ல, வேண்டாதவரைக் கழிக்கும் பட்டியலாகிவிடுகிறது.

இனி இடத்தைப் பற்றிச் சில சொல்லவேண்டும். பூங்காவைத் தேர்ந்தெடுப்போர் அதனை வரலாறற்ற அழகு என்று எண்ணித் தேர்கின்றனர். கோயிலுக்குச் சாதியின் நினைவு உண்டு, மண்டபத்துக்குப் பணத்தின் நினைவு உண்டு, மரத்துக்கு எந்த நினைவும் இல்லை என்பது அவர்கள் எண்ணம். பேராதனையின் மரங்களுக்கோ நினைவு மிக அதிகம்.

1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 1821இல், கண்டி மன்னர்கள் முன்னர் தங்கிய அந்நிலத்திலே அலெக்சாண்டர் மூன் என்பவர் தாவரவியற் பூங்காவை அமைத்தார். உலாவி மகிழ்வதற்கான தோட்டம் ஒன்றை அமைப்பது மட்டும் ஆட்சியாளரின் நோக்கமாக இருக்கவில்லை. எந்தப் பயிர் இம்மண்ணிலே இலாபம் தரும் என்று ஆராயும் களமாகவும் அது அமைந்தது. கறுவாவும் கோப்பியும் அங்கே ஆரம்பத்திலேயே நடப்பட்டன. சிங்கோனாப் பயிருக்கென 1861இல் ஹக்கலையிலே கிளைத்தோட்டம் எழுந்தது. பிரேசிலிலிருந்து விக்கம் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, சுமார் 1,900 இறப்பர்க் கன்றுகளாக 1876இல் இந்நாட்டை வந்தடைந்தன. கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டம் அவற்றுக்கு இடமாயிற்று. 1869இல் கோப்பி இலையைத் துருநோய் பற்றியபோது அதனை ஆராயும் பொறுப்பு பூங்காவின் தலைவர் துவெயிற்சிடம் வந்தது. பின்னர் வந்த மார்ஷல் வோட் என்ற அறிஞர், ஒரே பயிரை இடையீடின்றி மலைமுழுதும் பரப்பியமையே நோய் பரவ வழிசெய்தது என்று சுட்டினார். தோட்ட முதலாளிகள் அப்பாடத்தைக் கற்கவில்லை. கோப்பி அழிந்த மலைகளிலே தேயிலையைப் பரப்பினர்.

பயிர் மாறிற்று. அதனை நட்ட கைகள் மாறவில்லை. தமிழகத்து வரட்சிக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டு, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியிலே நோயாலும் பசியாலும் பலரை இழந்து மலையேறியவர்களின் கைகள் அவை. பேராதனையிலே ஒரு கன்று வேர்பிடித்தால், மலையிலே ஒரு லயன் எழும்பிற்று என்றே சொல்லலாம். அம்மக்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டின் சட்டம் பறித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என அவர்களைப் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைக்கு 2003ஆம் ஆண்டு வரை சட்டம் காத்திருந்தது. 2023இல் அவர்களின் வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து, முன்னோர் நடந்த வழியை நாட்டுக்கு நினைவூட்டினர்.

பூங்காவிலே இவ்வரலாற்றைச் சொல்லும் பலகை எதையும் நாம் கண்டதில்லை. 1901இல் பிற்காலத்து ஐந்தாம் ஜோர்ஜ் நட்ட நாகலிங்க மரத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு. வந்து போன அரசர்களும் தலைவர்களும் நட்ட மரங்களுக்கெல்லாம் அவ்வாறே பலகைகள் உள. குழி தோண்டியவர், நீர் சுமந்தவர், களை பிடுங்கியவர் பெயரைத் தாங்கிய பலகை எங்கே?

இத்தகைய இடத்திலேதான் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு மாலை மாற்றும் விழா நடந்தது. எத்துணைப் பொருத்தம் என்று நாம் வழிநெடுக எண்ணிச் சென்றோம். யாவா அத்தியின் நிழலிலே முப்பது பேரும் கூடினர். சுற்றிப் பார்த்தபோதுதான் எமக்கு உறைத்தது. மணமகளின் பக்கத்தில் அவருடைய தாய், தந்தை, தம்பி ஆகிய மூவர் மட்டுமே இருந்தனர். மணமகனின் அலுவலக மேலதிகாரிகளே ஐவர். மணமகளைத் தூக்கி வளர்த்த பெரியம்மா இல்லை. லயன் அயலார் இல்லை. காரணம் கேட்டபோது, "இடம் சிறிது, ஆகையால் சுருக்கமாக வைத்துக்கொண்டோம்" என்றார் மணமகனின் உறவினர் ஒருவர். நூற்று நாற்பத்தேழு ஏக்கரிலே ஒரு பெரியம்மாவுக்கு இடமில்லை!

உண்மைக் காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. மண்டபத்திலே ஊரைக் கூட்டியிருந்தால், தோட்டத்து உறவினரை ஒரே பந்தியில் இருத்தவேண்டியிருக்கும். "நெருங்கியோர் மட்டும்" என்ற புதிய நாகரிகம் அந்தச் சங்கடத்தைப் பழைய சாதிப்பேச்சு ஒன்றும் பேசாமலே தீர்த்துவிட்டது. இதுவே எமது குற்றச்சாட்டு. நேற்று மண்டபத்து வாசலில் நின்று தடுத்த கை, இன்று பட்டியலிற் பெயரை விட்டுவிடும் பேனாவாக மாறியுள்ளது. தடுப்பவர் முகமும் தெரிவதில்லை. தடுக்கப்பட்டவர் முகமும் தெரிவதில்லை.

ஆனால் அன்று வேறொன்றும் நடந்தது. மாலை மாற்றிய சிறிது நேரத்தில், புற்றரையின் மறுபுறத்தே மூன்று பெண்கள் நிற்பதைக் கண்டோம். கம்பளை பஸ்ஸிலே வந்து, ஏனையோரைப் போலவே வாயிலில் அனுமதிச்சீட்டு வாங்கி உள்ளே வந்திருந்தார்கள். அன்றைய பேரை, அதாவது ஒரு நாட் சம்பளத்தை, இழந்து வந்தவர்கள். மணமகள் அவர்களைக் கண்டதும் மாலையோடு ஓடிச் சென்றார். "சும்மா தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிரலாமுன்னுதான் வந்தோம் தாயி" என்றார் பெரியம்மா. மணமகள் அவர் கையைப் பற்றி அழைத்து வந்து தம்மருகே இருத்தினார். பலகாரத் தட்டு ஒவ்வொருவரிடமும் போய், அம்மூவருக்கும் முன்னால் நின்றுவிட்டது. மணமகன் எழுந்து, தாமே தட்டை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. மரத்து வௌவால்களின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இச்சம்பவத்தை வெற்றியாகக் காட்டி முடித்துவிட நாம் விரும்பவில்லை. பின்னர் எமக்கு அனுப்பப்பட்ட படங்கள் பதினான்கு. அவற்றில் ஒன்றிலேனும் அம்மூவரும் இல்லை. அழைப்பிதழைப் பெற்ற நாமோ, முப்பதில் ஒருவராக எண்ணப்பட்டோம் என்ற பெருமையில், விடுபட்டவர் யாரென்று கேட்கவில்லை. இக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

எனினும் ஓர் உண்மையை அம்மூவரும் எமக்குக் கற்பித்தார்கள். தனியார் மண்டபமாக இருந்திருந்தால் அவர்கள் வாசலோடு திரும்பியிருப்பர். அது பொதுமக்களின் பூங்காவாகையால், பட்டியல் தடுத்தவர்களை அனுமதிச்சீட்டு உள்ளே விட்டது. அந்நியர் இலாபத்துக்காக எழுந்த தோட்டம் இன்று மக்களின் உடைமை. அதன் பொதுத்தன்மையே அதன் சிறப்பு. ஆகவே பூங்கா மணத்தை நாம் எதிர்க்கவில்லை. பூங்காவிலே கயிறுகட்டி ஒரு மூலையைத் தனியார் மண்டபமாக்க விரும்பும் மனத்தையே எதிர்க்கிறோம்.

நற்றிணையின் 172ஆம் பாடலிலே ஒரு பெண், தான் விளையாட்டாக ஊன்றிய விதையிலே முளைத்த புன்னையைத் தன் தாய் "உன் தங்கை" என்று சொன்னதால், அம்மர நிழலிலே காதலனோடு நகைத்துப் பேச நாணுகிறாள். மரத்தை உறவாக எண்ணிய அம்மரபு, இன்று மரத்தைப் படத்துக்குப் பின்திரையாக மட்டும் எண்ணும் நிலைக்கு வந்துள்ளது. மரத்தைப் பின்திரையாக்கியவருக்கு, அதனை நட்டவரின் பேர்த்தியைப் படத்துக்கு வெளியே நிறுத்துவது கடினமன்று.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! சீதனத்தை மறுத்து, கடனை மறுத்து, எளிய மணம் செய்துகொள்ளுங்கள். பேராதனையின் நிழலிலேயே செய்துகொள்ளுங்கள். ஆனால் பட்டியலை எழுதி முடித்ததும் அதனை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்து, யாரை விட்டோம், ஏன் விட்டோம் என்று உங்களையே கேளுங்கள். விருந்துக்குப் பணமில்லையெனில் தேநீர் கொடுங்கள். அந்தத் தேயிலையைக் கொய்தவருக்கும் ஒரு கோப்பை கொடுங்கள். படம் பிடிக்கும்போது அவரையும் பக்கத்தில் நிறுத்துங்கள்.