வேதம் எழுதிய சட்டை

பழவேற்காட்டு ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்றுச் சென்ற வழி இன்று இராது. உத்தரியத்தை வீட்டில் மறந்துவிட்டதால் அன்று தொழிலுக்குப் போகவில்லை என்று மீனவ இளைஞர் ஒருவர் நம்மிடம் கூறினார். கடிந்துகொள்ள வாயெடுத்தோம். ஆனால், படத்தில் கண்டிருந்த ஒரு சட்டை நினைவுக்கு வரவே அடங்கினோம்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அச்சட்டை, 15ஆம் நூற்றாண்டிலோ 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ வட இந்தியாவில் அல்லது தக்காணத்தில் உருவானது. டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டித் துணி வாணிபம் செய்த ஊரினரான நமக்குத் துணி என்றால் விலையே நினைவுக்கு வரும். இதுவோ விலைக்கு அப்பாற்பட்ட துணி. பருத்தியின்மீது கட்டங்களும் வட்டங்களும் வகுத்து, திருக்குர்ஆன் முழுவதையும் மையாலும் வண்ணத்தாலும் பொன்னாலும் எழுதியுள்ளனர். ஓரங்களில் இறைவனின் 99 திருநாமங்கள். போர்க்களத்தில் காப்பாக அணியவே இத்தகையவை செய்யப்பட்டிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையிலும் இவை பல உள்ளன. அங்கே இளவரசர் ஜெம்முக்கெனச் செய்த சட்டை 1477இல் தொடங்கி 1480இல் முடிந்தது. துருக்கியச் சட்டைகளில் எண்கள் நிரப்பிய மாயச் சதுரங்களையும் காணலாம்.

114 அத்தியாயங்களை ஓர் உடலின் அளவுக்குள் அடக்கிய கையின் பொறுமையை வியக்கிறோம். எழுதியவருக்கு அது செபமாகவே இருந்திருக்கும். எனினும் அணிந்தவர் தம் முதுகிலுள்ள வசனத்தை வாசிக்க இயலாது. ஓதவும் கேட்கவும் தரப்பட்ட வாக்கு, ஓதுவாரின்றிக் கவசமாக நிற்கிறது. எண் சதுரத்திலோ வேண்டுதல் கணக்காகிவிடுகிறது. தாயத்துகளைப் பற்றி இஸ்லாமிய அறிஞரிடையேயும் நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு.

இக்குறையைப் பிறர் சட்டையில் மட்டும் காண்பது நேர்மையன்று. உள்ளத்தின் நிலையை விட்டுவிட்டு வெளிச்செயலுக்கே ஆற்றலைக் கற்பிப்பது மூடநம்பிக்கை என 1992இல் வெளிவந்த நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. ஆயினும் இயேசுவின் ஆடை ஓரத்தைத் தொட்ட பெண்ணை அவர் கடியவில்லை. கூட்டத்தில் அவளைத் தேடி முகம் பார்த்துப் பேசினார்; அவளைக் குணமாக்கியது அவளது விசுவாசமே என்றார். அஞ்சியவர் ஆடையைப் பற்றுவது தவறன்று. ஆடையோடு நின்றுவிடுவதே தவறு.

மறுநாள் அந்த இளைஞர் உத்தரியம் அணிந்து வந்தார். அதன் பொருள் என்னவென்று கேட்டோம். தெரியாது என்றார். குற்றம் அவருடையதன்று, கற்பிக்காத நம்முடையது. படகருகே அமர்ந்து சொல்லத் தொடங்கினோம்.