விற்கக் கூடாத அட்டை

நாமக்கல் தனி மாவட்டமான அதே 1997-இல், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் வான்சி ஸ்டிர்னெமன் என்ற கலைஞர் தன் பழைய புத்தகக் கடையில் 1,200 குட்டி ஓவிய அட்டைகளைக் காட்சிக்கு வைத்தார். எல்லாம் அவரே செய்தவை. ஒவ்வொன்றும் இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், சீட்டுக்கட்டுச் சீட்டளவு. அட்டை வேண்டுமா, நீங்களும் ஒன்று செய்து கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். இன்று பல நாடுகளில் நடக்கும் அட்டைப் பரிமாற்றம் அப்படித்தான் தொடங்கியது. அளவு மாறக் கூடாது, விற்கக் கூடாது. பின்பக்கம் செய்தவர் பெயரும் தேதியும் இருக்கும்.

விற்கக் கூடாது என்பதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ராசிபுரத்தில் மார்கழிக்கு முன்பே எங்கள் தெருவில் கோல நோட்டுகள் கைமாறும். ஒரு கோலம் கொடுத்தால் ஒரு கோலம். (நல்ல சிக்குக் கோலத்தை ஒளித்துவைத்துவிட்டு மற்றதைக் காட்டும் சாமர்த்தியமும் உண்டு.) கலைச் சந்தையின் நடுவில் நிற்கிற ஒருவர் விலை வேண்டாம் என்றால் அது எதிர்ப்பு. விடியலில் வாசல் தெளித்துப் போட்டு, பத்து மணிக்குள் மிதிபட்டுப் போகிற கோலத்துக்கு யார் விலை கேட்டார்கள்? 2000-களில் இதே அளவு அட்டைகளைச் சிலர் ஈபேயில் விற்கத் தொடங்கியபோது பரிமாற்றக்காரர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. நான் விற்றவர்கள் பக்கம்.

ஆனால் நம் பரிமாற்றத்தையும் புகழ்ந்துவிட முடியாது. அந்த நோட்டு எந்தத் தெரு வரை போகும் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். ஊர்த்தெரு நோட்டு காலனிக்குப் போய் நான் பார்த்ததில்லை. அங்கிருந்து ஒரு கோலம் கேட்டு வாங்கியதாகவும் கேட்டதில்லை. காசு இல்லாத கொடுக்கல் வாங்கலில் சாதி வெளியே தெரியாது, அவ்வளவுதான். சூரிக் விதிகளில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, அட்டை கொண்டுவருகிற எவரோடும் மாற்றிக்கொள்ளலாம் என்பதை. பிறகு, அந்தப் பின்பக்கத்துப் பெயரை. கோல நோட்டில் கணக்கு இருக்கும், போட்டவள் பெயர் இருக்காது.

ஏ4 அட்டை ஒன்றில் ஒன்பது வரும். வெட்டி அம்மாவிடம் கொடுத்தேன். ஒன்றில் சின்னதாக ஒரு கோலம் போட்டாள். பின்பக்கம் உன் பேரை எழுதும்மா என்றேன். திருப்பி, "7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி" என்று எழுதிக் கொடுத்தாள்.