பீங்கான் பூட்டு

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கோ இங்குள்ள பழைய வீடுகளின் மெயின் போர்டில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான் அதைவிட அழகு. உள்ளே மெல்லிய கம்பி ஒன்றுதான். மின்னோட்டம் அளவு மீறினால் அது உருகிப்போய், சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்றும்.

மாடி வெயிலில் தக்காளி நாற்று வாடியதால், அதை உள்ளறை அலமாரிக்கு மாற்றி, அங்கே 40 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு மாட்டினேன். 230 வோல்ட்டில் அந்த 160 வாட்டுக்கு ஒரு ஆம்பியர்கூட ஆகாது. 5 ஆம்பியர் கட்டைக்கு அது கொசுக்கடி. சிலர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுவார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுகிற வேலை அது!

இப்போது டிரிப் ஸ்விட்ச் வந்துவிட்டது. வசதிதான். ஆனால் மெயினை அணைத்துவிட்டுக் கட்டையைப் பிடுங்கும்போது வரும் அந்த ‘டொக்’ அதில் இல்லை.